பழைய கணக்குக்கு ஒரு தனி அறை



நமது பேட்டையில் நாலு கடை ஏறி இறங்கினால், இரண்டு கடையிலாவது கல்லாவுக்குப் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டர் தூசி படிந்து நிற்பதைக் காணலாம். தினசரி பில் போடுவது புதுக் கம்ப்யூட்டரில். ஜி.எஸ்.டி. தாக்கல், ஈ-வே பில் எல்லாம் அதில்தான். ஆனாலும் பழையதை எடைக்குப் போட மனம் வருவதில்லை. காரணம், அதற்குள் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக் கணக்கு இருக்கிறது. எந்தப் பார்ட்டிக்கு எத்தனை பேல் போயிற்று, எந்த மில்லில் என்ன விலைக்கு நூல் வாங்கினோம், எந்த டையிங்குக்கு எவ்வளவு கூலி கொடுத்தோம் என்பதெல்லாம் அதில்தான் உண்டு. அந்தப் பெட்டி ஒரு நாள் எழுந்திருக்காமல் போனால் என்ன செய்வது என்பதை நாம் யாரும் யோசிப்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பழைய பெட்டியை அப்படியே வைத்திருப்பதும் தவறு, தூக்கி எறிவதும் தவறு. அதிலுள்ள விண்டோஸையும் கணக்கு மென்பொருளையும் புதுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு 'வர்ச்சுவல் மெஷின்' அமைத்து அதில் குடியேற்றி வைப்பதே வியாபாரிக்குப் பாதுகாப்பு என்பது நமது கருத்து. பெயர் புதிதாகத் தோன்றலாம். விஷயம் பழையது, செலவும் குறைவு.

காலக்கெடு முடிந்துவிட்டது

விண்டோஸ் எக்ஸ்பி-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குமேல் பாதுகாப்புத் திருத்தம் வேண்டும் என்கிற வணிக நிறுவனம் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு முதல் ஆண்டில் 61 டாலர் கட்ட வேண்டும். அடுத்தடுத்த ஆண்டில் அது இரட்டிப்பாகும். அதுவும் மூன்று ஆண்டுக்கு மட்டுமே.

சரி, விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாம் என்றால் அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். நம்மிடம் உள்ள பழைய பெட்டிகள் பலவற்றில் அது கிடையாது. புதுப் பெட்டியே வாங்கினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டுமே. டாஸ் காலத்தில் எழுதிய 16 பிட் புரோகிராம்கள் அதில் நேராக ஓடாது. பாக்ஸ்புரோவில் உள்ளூர்ப் பையன் ஒருவர் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராமை வைத்துப் பல வருஷம் வியாபாரம் செய்தவர்கள் நம்மிடையே உண்டு. எழுதியவர் இப்போது வேறு தொழிலில் இருப்பார். புரோகிராம் மட்டும் பழைய பெட்டியில் தங்கியிருக்கிறது.

பாதுகாப்புத் திருத்தம் ஏறாத பெட்டியை இன்டர்நெட்டில் இணைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதை 2017 மே 12-ஆம் தேதி உலகம் பார்த்தது. 'வான்னாக்ரை' என்ற நாச புரோகிராம் ஒரே நாளில் பல நாடுகளுக்குப் பரவிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன. ஆந்திரத்தில் போலீஸ் நிலையக் கம்ப்யூட்டர்களும், மேற்கு வங்கத்தில் மின் வாரிய அலுவலகங்களும் அதில் மாட்டின. அடுத்த ஆண்டே, 2018 ஆகஸ்டில், தைவானின் மிகப் பெரிய சில்லுத் தொழிற்சாலையான டி.எஸ்.எம்.சி.யில் ஒரு புது இயந்திரத்தைச் சோதிக்காமல் இணைத்ததில் அதே வகை வைரஸ் புகுந்து உற்பத்தி நின்றது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், ஒரு மோடத்தை நம்பி நிற்கிற நமது கடைக்கு என்ன காவல்?

எத்தனை வருஷம் காப்பாற்ற வேண்டும்?

"பழைய கணக்கு எதற்கய்யா, வரி கட்டியாகிவிட்டதே" என்று சிலர் கேட்கலாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும். உதாரணமாக 2023-24 நிதியாண்டுக்கு ஆண்டுத் தாக்கலின் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. ஆகவே அந்த ஆண்டுக் கணக்கை 2030 டிசம்பர் 31 வரை காப்பாற்றியாக வேண்டும். அப்பீல், விசாரணை ஏதாவது நடந்துகொண்டிருந்தால், அது தீர்ந்து ஓராண்டு ஆகும்வரை அல்லது அந்த 72 மாதம், இதில் எது பிந்தியதோ அதுவரை. கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்குக் கம்பெனிச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு எட்டு நிதியாண்டுகள் என்கிறது.

இது எதிர்காலக் கதை. பழைய கதையும் முடியவில்லை. 2023-ஆம் ஆண்டு தமிழக அரசு பழைய விற்பனை வரி நிலுவைகளுக்குச் சமாதானத் திட்டம் கொண்டு வந்தது. ரூ.50,000-க்கு உட்பட்ட நிலுவைகள் முழுவதும் தள்ளுபடி ஆயின. ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை 1-ஆம் தேதி. ஆறு வருஷம் கழித்தும் பழைய விற்பனை வரி, வாட், சி.எஸ்.டி. பாக்கிகள் ஏட்டில் உயிரோடு இருந்தன என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது. சி பாரம் வரவில்லை என்று பாக்கி காட்டினால், "வந்தது, இதோ பில் எண், இதோ தேதி" என்று சொல்லப் பழைய கணக்கு கையில் இருக்க வேண்டும்.

பாக்கி வசூல் வழக்கிலும் இதே நிலைதான். கம்ப்யூட்டர் கணக்கைக் கோர்ட்டில் சாட்சியமாகக் கொடுக்கச் சான்றிதழ் வேண்டும். முன்பு 65-பி பிரிவு என்று வக்கீல்கள் சொல்லிக் கேட்டிருப்போம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. இப்போது சான்றிதழில் இரண்டு பகுதி. ஒன்றைக் கணக்குக்கு உரியவர் கொடுக்க வேண்டும், மற்றதை நிபுணர் கொடுக்க வேண்டும். கணக்கைத் திறந்தே காட்ட முடியாதவர் எந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார்?

வழக்கமாகச் சொல்லும் சமாதானங்கள்

"பென் டிரைவில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன்" என்பது முதல் சமாதானம். அது கணக்கின் கோப்பு மட்டுமே. அதைத் திறக்க அதே மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருள் ஓட அதற்கேற்ற விண்டோஸ் வேண்டும். சாவியைத் தொலைத்துவிட்டுப் பெட்டகத்தைப் பத்திரமாக வைத்திருப்பது போன்றது இது.

"புது மென்பொருளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்" என்பது இரண்டாவது. மாற்றுவது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பழைய பதிப்பிலிருந்து புதுப் பதிப்புக்குக் கணக்குத் தாண்டும்போது ஆரம்ப இருப்பு வந்துவிடும். பில்வாரி விவரம், சரக்கின் ரகம், குறிப்புகள் எல்லாம் முழுதாக வந்தனவா என்று யார் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்? மூலம் ஒன்று கையில் இருந்தால்தான் நகலைச் சரிபார்க்க முடியும்.

"எல்லாவற்றையும் அச்செடுத்து பைண்டு செய்துவிட்டேன்" என்பது மூன்றாவது. இவரே நால்வரில் கெட்டிக்காரர். ஆனால் காகிதத்தைக் கரையானும் மழையும் விடுவதில்லை. 2023 ஜூன் மாதம் காதர்பேட்டை பனியன் பஜாரில் பிடித்த தீயில் ஐம்பது கடைகள் வரை சாம்பலானதை நாம் மறக்கவில்லை. ஒரே இடத்தில் உள்ள காகிதமும் ஒரே இடத்தில் உள்ள பெட்டியும் தீக்கு ஒன்றுதான்.

"ஆடிட்டரிடம் இருக்கும்" என்பது நாலாவது. ஆடிட்டரிடம் ஐந்தொகையும் லாப நஷ்டக் கணக்கும் இருக்கும். நமது பேரேடும் சிட்டையும் அவர் பொறுப்பல்ல.

தமிழில் பெயர் பதிந்தவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 1990-களில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவை விற்றது. ஒன்றில் அடித்தது மற்றதில் தெரியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டில்தான் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற எழுத்துத் தரங்களும் முடிவாயின. பிறகு 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் அடித்த விலைப் பட்டியலையும் பார்ட்டி பெயரையும் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாமல் வெறும் கிறுக்கலாகத்தான் வரும். எழுத்துருவோடும் விண்டோஸோடும் சேர்த்துக் காப்பாற்றினால்தான் அது கணக்கு.

கிடங்குக்குள் ஒரு தடுப்பு அறை

வர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன? நமது பாஷையில் சொல்வதானால், பெரிய கிடங்கில் ஒரு மூலையைத் தடுத்துத் தனிக் கதவு, தனிப் பூட்டுப் போட்டு உள்வாடகைக்கு விடுகிறோம் அல்லவா, அதுதான். கரண்டு, கூரை, வாசல் எல்லாம் கிடங்கினுடையது. ஆனால் உள்ளே இருப்பவர் தன் சரக்கு, தன் ஏடு என்று தனியாக இருக்கிறார். அதேபோல, புதுக் கம்ப்யூட்டரின் நினைவகத்திலும் டிஸ்கிலும் ஒரு பங்கை ஒதுக்கி, ஒரு முழுக் கம்ப்யூட்டரைப் போல நடிக்க வைப்பதே இது. அதற்குள் எக்ஸ்பி-யோ விண்டோஸ் 7-ஓ ஏற்றினால், அது தான் ஒரு தனிப் பெட்டியில் இருப்பதாகவே எண்ணி ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கம்ப்யூட்டர் முழுவதும் சில கோப்புகள்தான். காப்பி எடுக்கலாம், வேறு பெட்டிக்கு எடுத்துப் போகலாம்.

இது நேற்றுப் பிறந்த வித்தையல்ல. ஐ.பி.எம். கம்பெனி தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு வி.எம்./370 என்ற பெயரில் இதை 1972-லேயே விற்பனைக்குக் கொண்டு வந்தது. சாதாரணக் கம்ப்யூட்டருக்கு வி.எம்.வேர் கம்பெனி 1999-இல் கொண்டு வந்தது. மைக்ரோசாப்ட் கம்பெனியே 2009-இல் விண்டோஸ் 7 வெளியிட்டபோது, எக்ஸ்பி-யில் மட்டும் ஓடுகிற புரோகிராம்களை வைத்திருக்கும் வியாபாரிகளுக்காக 'எக்ஸ்பி மோடு' என்ற பெயரில் இதே ஏற்பாட்டை புரொபஷனல் பதிப்போடு இலவசமாகக் கொடுத்தது. செய்தவனே காட்டிய வழி இது.

அமைக்கும் முறை

கம்ப்யூட்டர் தெரிந்த பையன் ஒருவர் அரை நாளில் செய்யக்கூடியது. ஆனாலும் என்ன செய்கிறார் என்பது முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் புதுப் பெட்டியில் 8 ஜி.பி. நினைவகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 16 இருந்தால் தாராளம். கம்ப்யூட்டர் எழும்போது வரும் பயாஸ் அமைப்பில் வர்ச்சுவலைசேஷன் என்ற வசதி அணைந்திருந்தால் அதை இயக்க வேண்டும். இன்டெல் பெட்டியில் வி.டி.-எக்ஸ் என்றும், ஏ.எம்.டி. பெட்டியில் எஸ்.வி.எம். என்றும் இருக்கும்.

அடுத்து, தடுப்பு அறை கட்டும் மென்பொருள். ஆரக்கிள் கம்பெனியின் வர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பர் முதல் வணிக உபயோகத்துக்கும் இலவசமாக்கப்பட்டது. விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்களுக்கு ஹைப்பர்-வி என்பது கூடவே வருகிறது. ஹோம் பதிப்பில் அது கிடையாது.

பிறகு 'புதிய மெஷின்' என்று கொடுத்து அளவு ஒதுக்க வேண்டும். எக்ஸ்பி-க்கு 1 ஜி.பி. நினைவகமும் 20 ஜி.பி. டிஸ்கும் போதும். விண்டோஸ் 7-க்கு 2 ஜி.பி. நினைவகமும் 40 ஜி.பி. டிஸ்கும் கொடுக்கலாம். மூல சி.டி.யிலிருந்து விண்டோஸை ஏற்றி, அதன்மேல் கணக்கு மென்பொருள், எழுத்துரு, கடைசியில் கணக்குக் கோப்பு என்ற வரிசையில் வைக்க வேண்டும். டாஸ் புரோகிராம் மட்டும் உள்ளவர்கள் விண்டோஸே இல்லாமல், 1994-இல் தொடங்கப்பட்ட ஃப்ரீடாஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை உள்ளே ஏற்றிப் பார்க்கலாம்.

எல்லாம் ஏறிய பின் தவறாமல் செய்ய வேண்டியது, உள் கம்ப்யூட்டரின் நெட்வொர்க்கைத் துண்டிப்பது. அமைப்பில் ஒரு குறியை எடுத்துவிட்டால் போதும். ஆதரவு இல்லாத விண்டோஸ் இன்டர்நெட்டைத் தொடவே கூடாது. அதற்கு அங்கே வேலையும் இல்லை. ஈ-இன்வாய்ஸ், தாக்கல் எல்லாம் வெளியே புது மென்பொருளில். உள்ளே இருப்பது பார்க்க மட்டும்.

பிறகு சோதனை. மூன்று வெவ்வேறு ஆண்டுகளைத் திறந்து, கையெழுத்தான ஐந்தொகையோடு இறுதி இருப்பை ஒப்பிட வேண்டும். பத்து பில்லைத் திறந்து பழைய அச்சுப் பிரதியோடு பார்க்க வேண்டும். சரியாக இருந்தால், அந்த மெஷினின் கோப்புறையை முழுவதுமாக இரண்டு வெளி ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்து, ஒன்றைக் கடையிலும் மற்றதை வீட்டிலும் வைக்க வேண்டும். மென்பொருளில் 'ஸ்னாப்ஷாட்' என்று ஒரு வசதி உண்டு. அது அதே டிஸ்கில்தான் இருக்கும். டிஸ்க் போனால் அதுவும் போகும். அதைக் காப்பி என்று நம்பக் கூடாது.

ஒரு இடைஞ்சலையும் சொல்லிவிட வேண்டும். பிரிண்டர் சொருகும் துளையில் மாட்டுகிற பழைய பூட்டுச் சாவி, அதாவது டாங்கிள், உள்ள மென்பொருள்கள் இந்த ஏற்பாட்டில் எளிதில் வசப்படா. யு.எஸ்.பி. டாங்கிள் என்றால் உள்ளே கொடுத்துவிடலாம். எம்பிராய்டரி, காலர் பின்னும் மெஷின்களை நேராக இயக்குகிற கம்ப்யூட்டரை இப்படி மாற்ற வேண்டாம். அதன் பழைய டிசைன் கோப்புகளைத் திறந்து பார்க்க மட்டும் உபயோகிக்கலாம்.

உரிமமும் ஒழுங்கும்

தடுப்பு அறைக்குள் ஓடினாலும் விண்டோஸுக்கு உரிமம் வேண்டும். பெட்டியோடு ஒட்டி வந்த ஓ.இ.எம். உரிமம் அந்தப் பெட்டிக்கே சொந்தம். வேறு பெட்டிக்கு மாற்ற முடியாது. தனியாகக் கடையில் வாங்கிய முழு உரிமம் என்றால் மாற்றிக்கொள்ளலாம். பில்லைத் தேடி எடுத்து, எது என்று பார்த்த பிறகே செய்ய வேண்டும். வர்ச்சுவல்பாக்ஸிலும் அடிப்படை மென்பொருள்தான் எல்லோருக்கும் இலவசம். 'எக்ஸ்டென்ஷன் பேக்' என்ற கூடுதல் பகுதி வணிக உபயோகத்துக்குக் கட்டணம் உடையது. சர்வீஸ் பையன் அதையும் சேர்த்து ஏற்றிவிட்டுப் போய்விடுவார். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி.

இன்னொன்றையும் பச்சையாகச் சொல்கிறோம். பூட்டிய அறை ஒன்று கிடைத்தால் அதில் இரண்டாம் நம்பர் கணக்கை வைக்கலாமே என்று யாருக்காவது தோன்றலாம். இந்த ஏற்பாடு அதற்கல்ல. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 67-ஆம் பிரிவு, கணக்கு மறைத்திருப்பதாகச் சந்தேகித்தால் அலமாரி, பெட்டியைப் போலவே மின்னணுச் சாதனத்தையும் திறக்க அதிகாரிக்கு அதிகாரம் கொடுக்கிறது. கம்பெனிகளுக்கோ 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற பதிவு உள்ள மென்பொருளில்தான் கணக்கு எழுத வேண்டும் என்ற விதி நடப்பில் இருக்கிறது. ஆகவே பழைய மென்பொருளில் நடப்புக் கணக்கை எழுதுவது அவர்களுக்குச் சட்டப்படியே ஆகாது. உள்ளே இருப்பதை ஆடிட்டருக்குச் சொல்லி, "இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைப்பதே முறை.

சங்கம் செய்ய வேண்டியது

தனித்தனியே ஒவ்வொரு கடைக்காரரும் அலைவதைவிடச் சங்கம் முன்னின்றால் செலவும் குறையும், ஏமாற்றமும் குறையும். மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று, பழைய ஐ.டி.இ. டிஸ்கை யு.எஸ்.பி.யில் இணைக்கும் கருவி, சி.டி. டிரைவ், பிளாப்பி டிரைவ் ஆகியவற்றைச் சங்க அலுவலகத்தில் வாங்கி வைக்க வேண்டும். இவை நாளுக்கு நாள் கிடைப்பது அரிதாகிறது. இரண்டு, இந்த வேலை தெரிந்த ஒருவரை வாரத்தில் ஒரு நாள் அமர்த்தி, நிர்ணயித்த கூலியில் உறுப்பினர்களுக்குச் செய்து கொடுக்க வேண்டும். கடைக்காரர் உடனிருக்க வேண்டும், எந்தக் கணக்கும் சங்கக் கம்ப்யூட்டரில் தங்கக் கூடாது என்பது கண்டிப்பான நிபந்தனை. மூன்று, வருஷத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்குப் பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைக்கிற நாளில், பழைய கணக்கையும் ஒரு தடவை திறந்து பார்க்கும் வழக்கத்தை உறுப்பினர்களிடம் ஏற்படுத்த வேண்டும். திறந்து பார்க்காத காப்பி காப்பியே ஆகாது.

நமது முன்னோர் பேரேட்டைப் பட்டுத் துணியில் சுற்றிப் பெட்டகத்தில் வைத்தார்கள். ஏட்டைப் பிரித்தால் எழுத்துத் தெரிந்தது. வேறு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. கம்ப்யூட்டருக்கு மாறியபோது வேகம் கிடைத்தது. ஆனால் நமது கணக்கை நாமே படிக்க மற்றொரு கம்பெனியின் தயவு வேண்டும் என்ற நிலையும் கூடவே வந்தது. அந்தத் தயவு எந்தத் தேதியில் முடியும் என்பதை அவர்கள் தீர்மானிக்கிறார்கள். நமது கணக்கு எத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதையாவது நாம் தீர்மானிக்க வேண்டாமா? பழைய பெட்டி இன்னும் எழுந்திருக்கிறது என்றால், இந்த மாதமே செய்துவிடுவது நல்லது. அடுத்த பொதுக்குழுவில் இதைப் பொருளாக எடுத்துப் பேசும்படி நிர்வாகிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.